"ஒரே ஒரு கையெழுத்துதானே டாக்டர்?"

1/ போன மாசம் ஒருத்தர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் வந்து என்னைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சுகர் இல்லை. கையில ஒரு ஃபார்ம். துப்பாக்கி லைசென்ஸுக்கான மருத்துவச் சான்றிதழ். "ஒரே ஒரு கையெழுத்துதானே டாக்டர், போட்டுக் குடுங்க" என்றார். நான் போடலை. ஏன்னு சொல்லத்தான் இந்த த்ரெட். நீளமானதுதான். பொறுமையா படிங்க.

2/ அவர் கேட்டது தோட்டக் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கி இல்லை. பிஸ்டல். அதுவும் "பட்டாளத்துல இடுப்புல வச்சிருக்காங்களே, அதே மாதிரி". போனை எடுத்து வீடியோ காட்டினார். இது பிரவுனிங், இது பெரெட்டா, இது க்ளாக்னு வரிசையா சொன்னார். நம்ம பசங்க சத்தத்தை வச்சே பைக் மாடல் சொல்வாங்களே, அந்த மாதிரி.

3/ முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம். நம்ம ராணுவமும் போலீசும் பல வருஷமா வச்சிருக்கிற 9 மி.மீ. பிஸ்டல், மேற்கு வங்காளத்துல இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில செய்யுறது. 1935ல் பெல்ஜியத்துல வந்த பிரவுனிங் ஹை-பவர்தான் அதோட மூலம். மேகசின்ல 13 தோட்டா. சட்டப்படி அது தடை செய்யப்பட்ட ரகம். அதுக்கு நம்ம கலெக்டர் லைசென்ஸ் குடுக்க முடியாது. டெல்லியில உள்துறை அமைச்சகம்தான் முடிவு பண்ணணும்.

4/ இதுல பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். சட்டம் துப்பாக்கியோட முகத்தைப் பார்க்கிறது இல்லை, வயித்தைத்தான் பார்க்குது. ராணுவத்தோட 9 மி.மீ. தோட்டா உள்ளே போய் வெடிக்குமா? வெடிக்கும்னா தடை. வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் சரி, பேர் என்னவா இருந்தாலும் சரி. லைசென்ஸ் இல்லாம அந்த ரகத்தை வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 7 வருஷத்துல இருந்து 14 வருஷம் வரைக்கும் சிறை.

5/ "ஸ்லைடுல முத்திரை பார்த்தா அசல் எது, போலி எது என்று நான் சொல்லிடுவேன்"னும் அவர் சொன்னார். பீகார் முங்கேர்ல கள்ளத்தனமா செய்யுற பிஸ்டல்ல "மேட் இன் இத்தாலி", "மேட் இன் யூஎஸ்ஏ"ன்னு பொறிச்சுத்தான் விக்கிறாங்க. முத்திரையை நம்பி அசல்னு வாங்கினவர் ஜெயிலுக்குப் போவார், இல்லேன்னா விரல் போய் என் மாதிரி ஒரு டாக்டர்கிட்ட வருவார்.

6/ துப்பாக்கியை அடையாளம் காணுறது தடய அறிவியல்காரங்க வேலை. எங்களுக்கே அது கிடையாது. குண்டு நுழைஞ்ச ஓட்டையைப் பார்த்து இது எந்த அளவுத் தோட்டான்னு உறுதியா சொல்ல முடியாது. தோல் ரப்பர் மாதிரி. விரிஞ்சு, மறுபடி சுருங்கிடும். உடம்புல இருந்து குண்டை எடுக்கும்போது பல்லு வச்ச இடுக்கியால பிடிக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. குழல் அந்தக் குண்டு மேல போட்ட கீறல்தான் சாட்சி. அதை நாங்க அழிச்சிடக் கூடாது.

7/ சரி, "9 மி.மீ. வேணாம் டாக்டர், .32 வாங்கிக்கிறேன். அது சின்னதுதானே" என்றார். உண்மை, .32 தோட்டாவோட வேகமும் ஆற்றலும் குறைவு. 9 மி.மீ. தோட்டாவுல பாதி கூட வராது. ஆனா கேளுங்க.

8/ 1948 ஜனவரி 30. காந்தி மேல பாய்ஞ்ச மூணு குண்டும் இத்தாலி ராணுவத்துக்காகச் செய்த பெரெட்டா 1934 மாடல் பிஸ்டல்ல இருந்து வந்தவை. 9 மி.மீ.னு பேர் இருந்தாலும் அது குட்டைத் தோட்டா. இன்னிக்கு ராணுவம் வச்சிருக்கிறதை விட ரொம்பப் பலவீனமானது. கைக்கெட்டுற தூரத்துல அந்தப் பலவீனத்துக்கு என்ன அர்த்தம்? கல்லீரலுக்கும் பெரிய ரத்தக் குழாய்க்கும் சட்டத்தோட அட்டவணை தெரியாது.

9/ "வீட்டுல திருடன் வந்தா?" இது அடுத்த கேள்வி. நியாயமான பயம்தான். ஆனா வீட்டுல இருக்கிற கைத்துப்பாக்கி யாரைச் சுடுதுன்னு கணக்கு இருக்கு. கலிபோர்னியாவுல 2.6 கோடிப் பேரை வச்சு நடந்த ஆய்வு, 2020ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. கைத்துப்பாக்கி வச்சிருந்த ஆண்கள் துப்பாக்கியால தற்கொலை செய்துக்கிறது, வச்சில்லாத ஆண்களை விட சுமார் 8 மடங்கு. பெண்கள்ல சுமார் 35 மடங்கு.

10/ "அது அமெரிக்கா, நம்ம ஊருக்குப் பொருந்தாது"ன்னு சொல்வீங்க. சரி, பயிற்சி பெற்ற பட்டாளத்துக்காரங்க கதையைப் பார்ப்போம். இஸ்ரேல் ராணுவத்துல இளம் வீரர்கள் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியையும் கொண்டு போவாங்க. 2006ல் அதை முகாம்லயே வச்சுட்டுப் போகச் சொன்னாங்க. தற்கொலை சுமார் 40% குறைஞ்சது. அதுவும் பெரும்பாலும் வார இறுதியில நடந்தவைதான் குறைஞ்சது. மனசு மாறலை, மனுஷன் மாறலை. கைக்கெட்டுற தூரம் மட்டும்தான் மாறுச்சு.

11/ இதை நம்ம பக்கத்து டாக்டர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். பூச்சி மருந்து குடிச்சு வர்றவங்களை ராத்திரி முழுக்க முழிச்சுக் காப்பாத்தியிருக்கோம். மறுநாள் காலையில "ஏன்தான் இப்படிப் பண்ணினேனோ சார்"னு அழுவாங்க. அந்த மறுநாள் காலைதான் வைத்தியமே. துப்பாக்கி அந்தக் காலையைத் தர்றது இல்லை.

12/ இப்ப என் தப்புக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு ஃபார்ம்ல நான் கையெழுத்து போட்டிருக்கேன். தெரிஞ்ச அண்ணாச்சி. பி.பி. பார்த்தேன், கண்ணு பார்த்தேன், போட்டுட்டேன். ரெண்டு நிமிஷம். போதைப் பழக்கம் இல்லை, மனநலம் சரியா இருக்குன்னு எழுதின இடத்துக்குக் கீழே என் பேர், என் பதிவு எண். அவர்கிட்ட ஒரு கேள்வி கூட நான் கேட்கலை.

13/ கொஞ்ச நாள் கழிச்சு அவர் வீட்டம்மா வந்தாங்க. முதுகு வலின்னுதான் சீட்டு போட்டிருந்தாங்க. நர்ஸ் வெளியே போனதும் குரலைக் குறைச்சுச் சொன்னாங்க: "ராத்திரி குடிச்சுட்டு, அதை மேசை மேல வச்சுக்கிட்டுத்தான் சார் சாப்பிடுறாரு. புள்ளைங்க யாரும் வாயே திறக்கிறது இல்ல."

14/ அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. இன்னிக்கும் அது காதுல கேக்குது. "அன்னிக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்."

15/ ஒரு தோட்டா கூட வெடிக்கலை. எந்தப் பேப்பர்லயும் செய்தி வரலை. ஆனா அந்த வீட்டுல தினமும் அது ஒரு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது. அந்த வேலைக்கு அனுமதிச் சீட்டு குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். அவங்களும் பெரியவங்களும் பேசி, அப்புறம் அதை ஸ்டேஷன்ல ஒப்படைச்சாங்க. அது வரைக்கும் நான் சரியாத் தூங்கலை.

16/ அதனாலதான் போன மாசம் வந்தவர்கிட்ட சொன்னேன்: "உட்காருங்க, அரை மணி நேரம் பேசணும். அடுத்த தடவை வீட்டுல இருந்து ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க." அவருக்குக் கோபம். "சந்தேகப்படுறீங்களா?" ஃபார்மை இழுத்துக்கிட்டுப் போனார். வேற ஒரு இடத்துல சாயங்காலமே கையெழுத்து வாங்கிட்டதா கேள்விப்பட்டேன்.

17/ சக டாக்டர்களுக்கு. 9 மி.மீ.யா .32வான்னு சட்டம் பார்த்துக்கும். குற்ற வழக்கு இருக்கான்னு போலீஸ் பார்த்துக்கும். குடி, தூக்கமின்மை, சாகணும்கிற எண்ணம், வீட்டுல அடி, சமீபத்துல பெரிய கடன், இதையெல்லாம் பார்க்கச் சொல்லி இந்தச் சட்டம் நம்மகிட்டத்தான் குடுத்திருக்கு. 2016 விதிகள் இந்தச் சான்றிதழைக் கேக்குறதே அதுக்குத்தான். நாம அதை ஸ்கூல் லீவு சர்டிபிகேட் மாதிரி எழுதிக் குடுக்கிறோம். நம்ம அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னு பெருமைப்படுறோமே, அதுக்குக் கீழே "வாய்மையே வெல்லும்"னு எழுதியிருக்கு. பார்க்காமலே "பார்த்தேன்"னு எழுதுறது என்ன வாய்மை?

18/ விவசாயிகளுக்கு. மலையடிவாரத்துல தென்னையும் மாவும் வச்சிருக்கிறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில வருஷத்து உழைப்பைக் கிளறிட்டுப் போயிடும். உங்க கோபம் நியாயம். இழப்பீடு, வேலி, வனத்துறையோட நடவடிக்கை எல்லாத்துக்கும் உங்களோட நிக்கிறேன். ஆனா இடுப்புல செருகுற பிஸ்டல் பன்னிக்கு இல்லை. அது ஊருக்குக் காட்ட. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதீங்க.

19/ பெத்தவங்களுக்கு. "பார்க்கத்தான் பட்டாளத்து பிஸ்டல் மாதிரி, வெறும் ஏர் பிஸ்டல்தான்"னு ஆன்லைன்ல வாங்கிக் குடுக்காதீங்க. லைசென்ஸ் வேண்டாம்கிறதால பொம்மைன்னு அர்த்தம் இல்லை. 4.5 மி.மீ. ஈயக் குண்டு கண்ணுல பட்டா பார்வை போயிடும். அப்படி ஒரு பையனை ராத்திரி மதுரைக்கு அனுப்பி வச்சிருக்கேன். சுட்டது அவன் சொந்த அண்ணன்.

20/ வீட்டுல ஏற்கனவே துப்பாக்கி இருக்கா? தோட்டாவை வேற இடத்துல, துப்பாக்கியை வேற இடத்துல பூட்டுங்க. யாராவது மனசு உடைஞ்சு இருந்தா, குடி அதிகமானா, முறைப்படி ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள கடையிலயோ ஒப்படைச்சிடுங்க. தேர்தல் வந்தா மொத்தமா ஒப்படைக்கிறோமே, வீட்டுக்காக ஒரு தடவை செய்யக் கூடாதா? பயமா இருந்தா கலெக்டருக்கு மனு எழுதுங்க. லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. மனசு சரியில்லைன்னா 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்க. ராத்திரியிலயும் பேசலாம்.

21/ காவலுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு: தபால்தலையில வந்த நாயை வளர்த்த ஊர்க்காரங்க நாம. கதவுக்கு நல்ல பூட்டு, வாசல்ல ஒரு லைட், ஒரு ராஜபாளையம் நாய். அது வீட்டு ஆளுக்கும் வெளியாளுக்கும் வித்தியாசம் பார்க்கும். பிஸ்டல் பார்க்காது.

22/ பக்கத்துல சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணி எங்கெங்கேயோ இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. காயத்துக்குக் கட்டுப் போடுற பொருளைச் செய்யுற சீமை இது. காயத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சுக்கிறது நமக்கு எதுக்கு?

அடுத்த தடவை யாராவது ஃபார்மோட வந்தா, என் பதில் இதுதான்: உட்காருங்க. வீட்டம்மாவையும் கூப்பிடுங்க. பேசுவோம்.