காணாமல் பாடும் கவிஞர்களுக்கு

அவிநாசிபாளையத்தில் ஒரு மணவீட்டு முற்றத்தில் அண்மையில் சிறு கவியரங்கு ஒன்று நடந்தது. நம் பிள்ளைகள் ஐவர் பாடினர். மூவர் பாடலில் பேரீச்ச மரம் நின்றது. இருவர் பாடலில் மலையருவி கொட்டிற்று. கைத்தட்டல் அடங்கியதும் ஒரு பிள்ளையை அழைத்து, "தம்பி, எதிர்த்த காட்டில் வெளிறிய பட்டையோடு நிற்கிறதே, அது என்ன மரம்?" என்று கேட்டோம். "ஏதோ முள்ளு மரமுங்க, மாமா" என்றான்.

அது வெள்வேல மரம். அதன் கீழே விளைவது கொழுக்கட்டைப் புல். அந்த நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. காங்கேயம் மாட்டை வளர்த்தெடுத்த கொறங்காடு இதுதான். பிறந்த நாள் முதல் இதைக் கடந்துதான் அப்பிள்ளை பள்ளிக்கும் பள்ளிவாசலுக்கும் போய் வருகிறான். அவனைக் குறைகூற நாம் எழுதவில்லை. 'இயற்கையைப் பாடு' என்று சொல்லிவிட்டு, 'முதலில் இயற்கையைப் பார்' என்று சொல்ல மறந்த நம்மையே குறைகூறுகிறோம்.

காட்டையும் ஓடையையும் பாடுபொருளாக்குவது எளிது என்றொரு தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஒருநாள் குற்றாலம் போய்வந்தால் ஒரு கவிதை, ஊட்டி போய்வந்தால் ஒரு கட்டுரை! இது கலையன்று, பயணச் சீட்டின் மறுபக்கம். ஒரு காட்டை ஆண்டுக்கணக்கில் பார்த்தவனுக்கே அதைப்பற்றிச் சொல்ல ஏதேனும் இருக்கும். இதை மறுப்போர் நாம் கீழே காட்டும் இருவரின் வாழ்வை எண்ணிப் பார்க்கட்டும்.

முதலாமவர் நம் சமுதாயத்தவர். பம்பாயில் 1896இல் பிறந்த சாலிம் அலி. ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930இல் தாயகம் திரும்பியபோது, முன்பிருந்த வேலையும் இல்லாமற் போயிற்று. மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கினார். அவ்வாண்டு மழைக்காலத்தில், தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிய மரத்தருகே ஏணி சார்த்தி, அதன்மேல் அமர்ந்து நாள்தோறும் பார்த்தார்.

கண்டது என்ன? ஆண்குருவி புல்லை நாராகக் கிழித்து, முடிச்சிட்டுப் பின்னிப் பாதிக் கூட்டைக் கட்டுகிறது. பெண்குருவி வந்து சோதித்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் கூடு முழுமை பெறும். பெண் முட்டையிட்டு அமர்ந்ததும் ஆண் இன்னொரு கூட்டைத் தொடங்கி, இன்னொரு துணையைத் தேடுகிறது. ஆயிரமாண்டுகளாக எல்லாரும் பார்த்த குருவிதான். ஆனால் அதன் குடும்ப வாழ்வை உலகுக்குத் தெளிவாக எடுத்துரைக்க, வேலையிழந்த ஒரு மனிதரின் பொறுமை வேண்டியிருந்தது. நூலைப் பின்னித் துணியாக்கிப் பிழைக்கும் திருப்பூர் மக்களாகிய நமக்கு, இந்தப் பின்னற்காரக் குருவியைவிட நெருங்கிய பாடுபொருள் வேறு உண்டா? நம் கவிதைகளில் அது எத்தனை முறை வந்திருக்கிறது?

இரண்டாமவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். எழுதினார், கோட்டோவியம் தீட்டினார், கறுப்பு வெள்ளையில் நிழற்படம் எடுத்தார். முதுமலை முதலிய காடுகளில் யானைக் கூட்டங்களின் பின்னே பல்லாண்டுகள் நடந்தார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய தம் பத்தியை 1996இல் கண்மூடும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக்கியுள்ளார். நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் அந்நூல் இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம்.

"பனியன் கம்பெனியில் இரவும் பகலும் உழைப்பவனுக்குக் காடு பார்க்க நேரம் ஏது?" என்பர் சிலர். நியாயமான கேள்வி. ஆனால் நாம் கேட்பது மலையேற்றமன்று. ஆனைமலைக் காட்டின் பரம்பிக்குளம், தூணக்கடவு நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீர், சுரங்கமும் சமமட்டக் கால்வாயும் கடந்து திருமூர்த்தி அணையில் சேர்ந்து, அங்கிருந்து நமது பல்லடம், காங்கேயம் நிலங்களுக்கு முறைவைத்து வருகிறது. மலையுச்சியின் சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் கோடையிலும் ஓடை ஓடுகிறது. ஆக, வாய்க்கால் கரையில் நிற்பவன் காட்டின் கடைக்கோடியில் நிற்கிறான். தண்ணீர் வந்த நாள், நின்ற நாள், அதன் நிறம், கரையில் இறங்கிய கொக்கு, இவற்றைக் குறிக்க நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். தேநீர்க் கடையில் அதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

"ஓவியமும் உருவமும் நமக்கு ஆகுமா?" என்பது மற்றொரு மறுப்பு. உயிரினங்களின் உருவம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை நாம் அறிவோம். அதில் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால் ஓவியத் தொழிலையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரிடம், மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் அவர்கள் கூறிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. மரமும் மலையும் ஓடையும் போதாதா ஓர் ஆயுளுக்கு? எழுத்துக்கோ அந்தத் தடையும் இல்லை. தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் கொண்ட வேதத்தை ஓதும் சமுதாயம், தேனீயைப் பாராமலே இருப்பது எவ்வகை நியாயம்?

நம் முன்னோர் அப்படி இருந்ததில்லை. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீர், தாம் வளர்த்த சாரசக் கொக்கு இணைக்கு லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு, அவை அடைகாத்த முறையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவரது அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய சைபீரியக் கொக்கு, ஐரோப்பிய அறிவியல் அப்பறவைக்குப் பெயர் சூட்டுவதற்கு நூறாண்டுக்கும் முந்தியது.

தமிழுக்கு வருவோம். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாடப் புகுந்து, மலையில் மழை பொழிந்து வெள்ளம் இறங்கி வயலில் பாய்வதாகத் தமிழகத்தையே அங்கே கொண்டு வைத்தார். அது காப்பிய மரபு என்பர் புலவர். மரபுதான், ஆனால் தமிழ் நிலத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் ஆக்கிய மரபு. தம் மண்ணின் ஆற்றை அவர் அரபு நாட்டுக்குக் கொண்டு சென்றார். நாமோ காணாத பாலைவனத்தை நொய்யல் கரைக்கு இறக்குமதி செய்கிறோம்!

அந்த நொய்யலுக்கு நேர்ந்தது என்ன? காஞ்சிமாநதி என்று பெயர் பெற்று வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் ஆறு, திருப்பூரில் சாயக்கழிவு சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. வேலையிழந்து நின்றவர்களில் நம்மவரும் உண்டு. சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் அந்த அவலத்தை எழுதினார். அவ்வாண்டுகளில் நம் கவியரங்குகள் எதைப் பாடிக்கொண்டிருந்தன? ஆறு எந்த மாதம் எந்த நிறத்தில் ஓடிற்று, மீன் என்று செத்தது, கிணறு என்று உவர்த்தது என்று கரையோரத்து நம் வீடுகளில் எத்தனை நோட்டுப் புத்தகம் இருந்தது? பாராதவனால் பாட இயலாது. பாடாததை ஊர் மறந்துபோகும். மறந்த ஊருக்கு நினைவூட்ட நீதிமன்றம் வரவேண்டியிருக்கும்.

பார்த்தவர்கள் பயன் பெற்றதற்கும் சான்றுண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, குந்திப்புழை ஓடும் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முற்பட்டபோது, சாலிம் அலி போன்ற அறிஞர்களும் சுகதகுமாரி முதலிய கவிஞர்களும் ஒருசேரக் குரல் கொடுத்தனர். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் திருப்பூரிலேயே நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் ஈரநிலமாக உயர்ந்தது. அதற்கு முன்னே, அங்கு வரும் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணிக் குறித்து வந்த கண்கள் இருந்தன.

ஆகவே நம் இளங்கவிஞர்களை வேண்டுகிறோம். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாய்க்கால் கரையோ, குளமோ, ஒரே ஒரு வெள்வேல மரமோ போதும். ஓராண்டு எதுவும் பாடாமல் பார்த்துக் குறித்து வாருங்கள். மரத்தின் பெயரை அதன் நிழலில் ஆடு மேய்க்கும் முதியவரிடம் கேளுங்கள், கேட்பதில் இழிவில்லை. இரண்டாம் ஆண்டு பாடுங்கள். அப்பாடலில் அருவி கொட்டாமற் போகலாம். ஆனால் அதில் வரும் ஒரு துளித் தண்ணீரேனும் உண்மையானதாக இருக்கும். அடுத்த மணவீட்டுக் கவியரங்கில், எதிரே நிற்கும் மரத்தின் பெயரை நாம் கேட்க நேராதிருக்கட்டும்.