கரிய மணலும் வெண்பூச்சும்

முகத்துக்குப் பூசும் பண்டங்களைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். எமது மாணவியர் தமது தோலின் நிறத்தை எண்ணி நாள்தோறும் வெட்கும்படி ஆக்கப்பட்டிருக்கும்போது, அதனைப் பெண்களின் சில்லறை விவகாரமென்று தள்ளிவிட எமக்கு உரிமையில்லை.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாக வடக்கே சென்றால் களப்பும் கடலும் சூழ்ந்த இறக்கக்கண்டி வரும். கடற்றொழில் செய்யும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர். வெயிலும் உப்புக்காற்றும் இங்குள்ள முகங்களுக்கு நிறம் தந்திருக்கின்றன. தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் சூரியனின் புறஊதாக் கதிரைத் தாங்கி உடலைக் காக்கிறது. இந்தக் காவலையே குறையென்று காட்டி விற்பதுதான் வெண்பூச்சு வியாபாரம். 1975 இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபெயார் அண்ட் லவ்லி’, நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்த 2020 இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. பெயரில் ‘வெண்மை’ போய் ‘ஒளி’ வந்தது. சீதனச் சந்தையில் கறுத்த பெண்ணின் வீட்டார் கட்டும் அபராதம் மட்டும் குறையவில்லை.

இதிலும் கொடியவை, சிட்டையில் சேர்பொருள் எதுவெனச் சொல்லாத மலிவுக் களிம்புகள். வாரமொன்றில் வெளுப்பூட்டும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். சிலவற்றில் கடுமையான ஸ்டெரொயிட் மருந்து இருக்கும். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும்; தோல்வழி உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்; கருவிலுள்ள சிசுவையும் அடையும். ஸ்டெரொயிட் தோலை மெலிவித்து, பூசுவதை நிறுத்தியதும் முகத்தைச் சிவந்து எரியச் செய்யும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் 2017 இல் இலங்கை இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் யாவும் 2025 உடன் ஒழியவேண்டுமென 2023 இல் ஜெனீவாவில் முடிவாயிற்று. ஆனால் ஜெனீவாத் தீர்மானம் கிராமத்துக் கடையின் கண்ணாடி அலுமாரிக்கு யார் மூலம் வந்து சேரும்? 1980 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே ‘அழகுசாதனங்கள்’ என்ற சொல் இருந்தது. அதனை நீக்கிவிட்டு வந்த 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்து மட்டுமே நிற்கிறது.

இந்த நிலையில் நம்மவர் சிலர், ‘சமையலறைக்குத் திரும்புங்கள், வீட்டிலே முகப்பூச்சுச் செய்துகொள்ளுங்கள்’ என்கின்றனர். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான். பயற்றம் மாவைத் தயிரில் குழைத்துப் பூசிக் கழுவுவதால் கேடில்லை. எண்ணெயும் அழுக்கும் போகும். கற்றாழைச் சோறு, அதன் மஞ்சட்பாலை வடியவிட்டு எடுத்தால், வெயிலில் காய்ந்த தோலுக்கு ஈரந்தரும். அவ்வளவே. வெளுப்பையும் எதிர்பார்த்தால் வியாபாரியின் பொய்யை நாமே நமது அம்மியில் அரைத்தவராவோம்.

‘வீட்டில் உள்ளதெல்லாம் நல்லது’ என்பதும் மூடநம்பிக்கையே. தோலின் மேற்பரப்பு மெல்லிய அமிலத்தன்மை உடையது. தேசிக்காய்ச் சாறு அதனினும் பன்மடங்கு கடுமையான அமிலம். அப்பச்சோடாவோ நேரெதிரான காரம். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால், அச்சாற்றிலுள்ள ஒருவகைப் பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். கொப்புளம் ஆறியபின் கருந்தழும்பு எஞ்சும். வெளுப்பை நாடியவளுக்குக் கிடைப்பது இது! மஞ்சளைச் சொல்வீர்களாயின், பங்களாதேசத்தில் நிறங்கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேற்றைக் கலந்தமை 2019 இல் ஆய்வாளரால் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் இங்கே மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியதும் நினைவிருக்கிறது. சமையலறையின் கதவும் சந்தையை நோக்கியே திறந்திருக்கிறது. ‘நல்ல சேர்பொருளைத் தெரிந்தெடு’ என்று தனியொருத்திக்குப் புத்தி சொல்வது எளிது. கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வுகூடம் அவள் அடுக்களையில் இல்லையே.

வெயிலில் உழைப்போருக்கு உண்மையில் வேண்டிய பூச்சு ஒன்றுண்டு. அது புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. அத்தகைய பூச்சுகள் பலவற்றின் முக்கிய சேர்பொருள் டைட்டேனியம் டைஒக்சைட்டு என்னும் வெண்பொடி. அது இல்மனைட்டு என்னும் கரிய மணலிலிருந்து பெறப்படுவது. அந்த மணல் இருப்பது எங்கோ தூரதேசத்தில் அன்று; இறக்கக்கண்டியூடாகச் செல்லும் இதே வீதியின் வடகோடியில், புல்மோட்டைக் கரையில். 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்து அதனை அள்ளத் தொடங்கினோம். இன்றும் அது மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. வெளிநாட்டு ஆலையில் வெளுத்த பொடி, அழகிய குழாய்க்குள் அடைபட்டு, மீனவக் குடும்பத்துக்கு எட்டாத விலையோடு வருகிறது. கரிய மணலை விற்றுவிட்டு வெண்பூச்சு வாங்கும் இந்த வாணிபத்தைப் பொருளாதாரப் பாடத்தில் நடத்தும் ஆசிரியர் எத்தனை பேர்?

ஆகவே நாம் கேட்பது இவை: கடைக்கு வரும் ஒவ்வொரு களிம்பின் சேர்பொருளும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்படட்டும். பாதரசச் சோதனை கொழும்போடு நில்லாமல் திருகோணமலைக் கடைகளிலும் நடக்கட்டும். வெயிற்காப்புப் பூச்சை அரசே குறைந்த விலையில் செய்வித்து, கடலுக்குப் போவோருக்கும் கரையில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் மருந்தகம் மூலம் வழங்கட்டும். அதற்கு வேண்டிய மணல் புல்மோட்டையில் இருக்கிறது.