சுவருக்கும் கரை வேண்டும்

புது வீடு கட்டுகிறவர்கள் குடும்பத்தில் சுவர் எழும்புவதற்கு முன்பே விவாதம் எழும்பிவிடுகிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவுத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கடைக்கால் அப்போதுதான் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. ஆனால் அவருடைய குமாரன், சுவர்களின் அடியில் ஒட்ட வேண்டிய மரப்பலகையை அதற்குள்ளாகவே தேர்ந்தெடுத்து முடித்திருந்தான்!

சென்னையிலிருந்து அவன் கொண்டு வந்திருந்த வழவழப்பான படப் புத்தகத்தில், அறையின் நான்கு புறமும் சுவரும் தரையும் சேரும் இடத்தில் பலகை ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. விஷயம் என்னவென்றால், அதற்கான பணத்துக்கு அவன் ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தான். கடைக்காலின்மேல் ஈரத்தைத் தடுக்கும் கலவையை ஒரு வரி போட வேண்டுமென்று கொத்தனார் கேட்டிருந்தார். "மண்ணுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதற்காகச் செலவழிக்க வேண்டும், மாமா?" என்று என்னிடமே நியாயம் கேட்டான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. இடிபடாமல் மிஞ்சியிருந்த பழைய சுவர் ஒன்றைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்கு உவர் பூத்து, பூச்சு பொரிந்து நின்றது. அந்தச் சுவரோரத்தில்தான் அவருடைய குழித்தறி இருந்ததாம். மழைக்காலம் வந்தால் சுண்ணப்பொடி உதிர்ந்து பாவின்மேல் படியும். வெளிர் நிறப் பட்டாயிருந்தால் மாதக் கணக்கான உழைப்பே கறைபட்டுவிடும்.

இங்கே ஓர் உண்மையை நேயர்கள் கவனிக்க வேண்டும். மண்ணிலுள்ள ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல் செங்கலின் நுண்ணிய துவாரங்கள் வழியாக மேலே ஏறுகிறது. கூடவே உப்பையும் கொண்டு போகிறது. ஈரம் உலரும்போது உப்பு தங்கிப் பூச்சைப் பிளக்கிறது. அடியில் பலகையை ஒட்டுவதால் இது நிற்காது, மறைந்துதான் இருக்கும். கடைக்காலின்மேல், சுவர் எழும்புமுன் போடும் தடுப்பு வரியே இதற்கு முதல் மருந்து. சுவர் எழும்பிய பிறகு அதைச் செய்வது பெருஞ்சிரமம்.

அப்படியானால் சுவரடியில் பட்டையே வேண்டாமா? அவசியம் வேண்டும். துடைப்பமும், தண்ணீரும், நாற்காலிக் கால்களும், குழந்தைகளின் உதையும் படுகிற இடம் அதுதான். குளிர் தேசங்களில் தரைக்கும் பலகையே போடுகிறார்கள்; அது சுருங்கி விரியும்போது சுவரோரத்தில் ஏற்படும் இடைவெளியை மூட, மரப்பட்டை அங்கே பொருத்தமானது. நாமோ வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் பட்டால் உப்பிப் போகும். பிளாஸ்டிக் பட்டை உப்பாது. ஆனால் அதற்குப் பின்னாலுள்ள சந்து கரப்பான் பூச்சிகளுக்குச் சௌகரியமான சத்திரமாகிவிடும்.

காஞ்சிபுரத்தில் இருப்பவர்கள் இதற்காகப் படப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ச் சற்றுக் குனிந்து பார்த்தால் போதும். மேலே சிற்பங்களெல்லாம் மென்மையான மணற்கல். அடியிலே தரையைத் தொடும் வரிசையோ கருங்கல்! செதுக்க எளிதான கல் மேலே, அடி தாங்கும் கல் கீழே என்று சிற்பிகள் வகுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அழகைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

நம்முடைய முன்னோர் வீடுகளிலும் இதே புத்தியைக் காணலாம். சிவப்புக் காவித் தரை போடும்போது, அதே கலவையைச் சுவரில் நாலு முதல் ஆறு அங்குலம் வரை ஏற்றி இழைப்பார்கள். மூலையைச் சற்று வளைவாக விட்டால் அழுக்குத் தங்க இடமே இராது. சிமெண்டையும் காவிப்பொடியையும் தேவையான அளவு முழுவதும் ஒரே தடவையில் கலந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு பல நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். கல்லோ ஓடோ பதிப்பதானாலும், அது பூச்சுக்கு வெளியே துருத்தாதபடி முன்கூட்டியே பள்ளம் விட்டுப் பூசச் சொல்லுங்கள். துருத்திய விளிம்பு தூசி தங்கும் திண்ணையாகும்.

இங்கிலாந்திலிருந்து வந்து கேரளத்தில் வீடுகள் கட்டிய லாரி பேக்கர் (1917–2007), காந்தியடிகள் தம்மிடம் கூறிய ஒரு கருத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார். இலட்சிய கிராமத்தின் வீடுகள் ஐந்து மைல் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் பொருள்களால் ஆகியிருக்க வேண்டும் என்பதே அது. அந்தக் கணக்கை இன்று அப்படியே நிறைவேற்றுவது கடினம். ஆனால் ஐந்து மைலுக்குள் இருக்கும் கைத்திறனையாவது தேடலாமல்லவா? காவி இழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள். நாம் வேலை கொடுக்காவிட்டால் அந்த வித்தை யாரிடம் நிற்கும்?

இத்தனையும் கேட்ட பிள்ளையாண்டான் முகம் வாடினான். அப்போது நண்பர் பேசினார்: "தம்பி, கோர்வைப் புடவையைப் பார்த்திருக்கிறாய். கரையைத் தனியே நெய்து பின்னால் தைக்கிறோமா? உடலையும் கரையையும் மூன்று நாடா போட்டுச் சேர்த்தே நெய்கிறோம். அதனால்தான் துணி நைந்தாலும் கரை பிரிவதில்லை. சுவருக்கும் அப்படித்தான். முதலிலேயே சேர்த்து யோசிக்க வேண்டும்."

நெசவாளர் மகனுக்கு இதைவிட விளக்கம் வேறென்ன வேண்டும்? தடுப்பு வரிக்கு அன்றே சம்மதம் கிடைத்தது. சுவரடியில் காவிப்பட்டை என்று முடிவாயிற்று. மர ஆசையையும் அடியோடு தள்ளிவிடவில்லை. தண்ணீர் படாத உயரத்தில், கூடத்துச் சுவரில் தேக்குச் சட்டம் ஒன்று ஓடப் போகிறது. பழைய வீட்டிலிருந்து இறக்கி வைத்த சுவாமி படங்களும், தாத்தாவின் படமும், காந்தி படமும் அதன்மேல் சாய்ந்து நிற்கும்.

புறப்படும்போது குமாரன் தரையில் சுண்ணாம்பால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். "இது என்ன?" என்று கேட்டேன்.

"தறிக்குழி, மாமா! அப்பாவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டுமென்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்" என்றான்.