வெள்ளைப் புலியும் நம்ம கருப்பும்



வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு நாம எல்லாரும் போயிருப்போம். வெள்ளைப் புலி இருக்கும் இடத்தில்தான் கூட்டம் நெருக்கும். ஆனால் அது ஏன் வெள்ளை என்று கேட்டிருக்கிறோமா? அது தனி இனம் கிடையாது. சாதாரண வங்கப் புலிதான். எஸ்.எல்.சி.45ஏ2 என்ற ஒரே ஜீனில் ஒரு சின்ன மாற்றம். அதனால் மஞ்சள் நிறம் போய்விட்டது, கருப்புக் கோடு தங்கிவிட்டது. சீன விஞ்ஞானிகள் இதை 2013-ல் கண்டுபிடித்தார்கள். இதே ஜீன் நமக்கும் உண்டு. நம்ம தோல் நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதைச் செய்பவை மெலனோசைட் என்ற செல்கள். கருப்பா இருக்கிறவருக்கும் சிவப்பா இருக்கிறவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்! அவை எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோலைக் கெடுக்காமல் குடை பிடிப்பதும் மெலனின்தான்.

தலைமுடிக்குக் கருப்பு தருவதும் இதே மெலனின். முடி கருகருன்னு இருந்தால் கண்ணு படும் என்கிறோம். நரைத்தால் டை அடிக்கிறோம். முகம் கருப்பா இருந்தால் மட்டும் பவுடர் அப்புகிறோம். இது என்ன நியாயம்?

தோல் நிறத்தை ஒரு ஜீன் மட்டும் முடிவு செய்வதில்லை. பல ஜீன்கள் சேர்ந்து செய்கின்றன. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்க்கை. அதனால்தான் ஒரே வீட்டில் அக்கா சிவப்பு, தங்கச்சி கருப்பு. இது தெரியாமல் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்"னு கேலி செய்கிறார்கள். மாசமா இருக்கும் அக்காவுக்குக் குங்குமப்பூ பால் கொடுக்கிறார்கள். குங்குமப்பூ ஜீனை மாற்றாது. அது கரு உண்டாகும்போதே முடிவான விஷயம்.

இன்னொரு செய்தி. ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எஸ்.எல்.சி.24ஏ5 என்ற ஜீனில் ஐரோப்பியர்களை வெளுப்பாக்கிய அதே மாற்றம் நம் நாட்டு மக்கள் பலரிடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவை. அப்படின்னா வெள்ளைக்காரர்களும் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான்!

அறிவியல் இவ்வளவு தெளிவாகச் சொல்லுது. ஆனால் ஆண்டு விழா வந்தால் என்ன நடக்குது? பாரத மாதா வேஷமா, சிவப்பா இருக்கிற பொண்ணு. சந்தனம் கொடுத்து வரவேற்கவா, சிவப்பா இருக்கிற பொண்ணு. நன்றாக ஆடும் என் தோழி மூன்று வருஷமாகக் கடைசி வரிசையில்தான் நிற்கிறாள். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வருஷம் ஆட்டத்தையும் குரலையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே! கருவாயன், கருவாச்சி, அண்டங்காக்கா என்று கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிறவங்க வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி அழுவது உங்களுக்குத் தெரியாது.

நிறம் ஜீன் தந்தது. பேர் அம்மா அப்பா ஆசையாக வைத்தது. பேர் சொல்லிக் கூப்பிடுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி