நேர்காணல் அறையின் நான்கு சுவர்கள்: விமானி இருக்கையும் சாதியும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்துக்கு விமானத் துறை இன்று அந்நியமானதன்று. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்கு அருகே, வல்லம் வடகாலில், டிட்கோவின் வானூர்திப் பூங்கா அமைந்துள்ளது. பரந்தூர் விமான நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் வழங்கியது; ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் அதை எதிர்த்துப் போராடி வருகின்றனர். நிலமும் உழைப்பும் இப்பகுதியிலிருந்து பெறப்படுகின்றன. ஆனால், விமானி இருக்கைக்கு இங்குள்ள சேரிகளிலிருந்து யார் செல்வர் என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை.

விமான நிறுவனங்களின் ‘கேடட் பைலட்’ தேர்வு வெளித்தோற்றத்தில் சாதியற்றது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், இணையவழித் தேர்வு, கணினியில் உளத்திறன் சோதனை, குழு விவாதம், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைத் தாண்டியவர் தகுதியானவர் எனப்படுகிறார். ஆனால் பயிற்சிச் செலவைத் தேர்வானவரே ஏற்க வேண்டும். குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சியையும் சேர்த்தால், பெரும்பாலும் அது ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். வங்கிகளோ ரூ.7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. ஸ்ரீபெரும்புதூரை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், 1891இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நிலங்களுக்கு அடித்தளமிட்டது. அந்நிலங்களில் பெரும்பகுதி பறிபோன சமூகத்திடம் சொத்துப் பிணை கேட்பது, வரலாற்றுக் களவின் தண்டனையைக் களவு கொடுத்தவரிடமே வசூலிப்பதாகும்.

‘ஆளுமை’ என்னும் அளவுகோல்

இத்தடையைக் கடந்தவரும் நேர்காணலில் சந்திப்பது அறிவுச் சோதனையை மட்டுமன்று. இறக்கை எவ்வாறு மேலுந்து விசையைப் பெறுகிறது, தலைமை விமானி தவறு செய்தால் துணை விமானி என்ன செய்ய வேண்டும் போன்ற கேள்விகளுக்குப் பயிற்சியால் விடையளிக்கலாம். குடும்பத்தில் எவரேனும் விமானியா, தந்தை என்ன செய்கிறார், பொழுதுபோக்கு என்ன, பணத்துக்கு என்ன வழி என்ற கேள்விகளோ வேறு வகையானவை. விடைகளின் வழியே ஊரும் தெருவும் வெளிப்பட்டுவிடுகின்றன. பிறகு ‘ஆளுமை’, ‘பொருத்தம்’ என்ற பெயர்களில் மதிப்பெண் இடப்படுகிறது.

ஆங்கில உச்சரிப்பும் இவ்வாறே பயன்படுகிறது. பன்னாட்டு வான்போக்குவரத்துக்குத் தேவையான மொழித்திறனைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு நான்காம் நிலை என வரையறுத்துள்ளது. அவ்வரையறை, தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருப்பதை ஏற்கிறது. அது புரிதலுக்குச் சில வேளைகளில் இடையூறாவதைக்கூட அனுமதிக்கிறது. பாதுகாப்புக்குத் தேவை தெளிவே. கான்வென்ட் சாயல் அன்று. அதற்கு மேலாக நேர்காணல் குழு கேட்பது வர்க்கத்தின், சாதியின் சான்றிதழையே.

சட்டம் எட்டாத அறை

2025 ஜூனில் இண்டிகோ நிறுவனத்தின் பட்டியல் சாதிப் பயிற்சி விமானி ஒருவரின் புகாரின் பேரில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. விமானம் ஓட்டத் தகுதியில்லை, போய்ச் செருப்புத் தைக்குமாறு அதிகாரிகள் கூறினர் என்பது அவரது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை அடிப்படையற்றது என மறுத்தது. உண்மையை விசாரணையே தீர்மானிக்க வேண்டும். எனினும், சட்டத்தின் எல்லையை நாம் அறிந்திருப்பது அவசியம். சாதி இழிவுக்கான பிரிவுகள் செயல்பட, அது ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய் அலுவலர் ஒருவரை அவரது அலுவலக அறையில் இழிவுபடுத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கை, இக்காரணத்தைக் கூறியே உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 31 அன்று இரத்துசெய்தது. மூடிய நேர்காணல் அறையும் அத்தகைய நான்கு சுவர்களுக்குள் அடங்குவதே.

அரசின் பின்வாங்கல்

பொதுத்துறை நிறுவனமாக இருந்தவரை ஏர் இந்தியாவில் இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27 அன்று அது டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது அவ்வாயிலும் அடைபட்டது. பட்டியல் சாதி மாணவருக்கான ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம், தனியார் பறத்தல் கழகங்களுக்கு வகுத்த உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ.3.72 லட்சம். வணிக விமானி உரிமத்துக்குரிய 200 மணி நேரப் பறத்தலில் அது மிகச் சிறு பகுதிக்கே போதும். கேரள அரசு ‘விங்ஸ்’ திட்டத்தின் வழியே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்கு நிதியளித்துள்ளது. தமிழ்நாட்டில் தாட்கோ, விமான நிலையப் பயணிகள் சேவைக்கும் விமானப் பணிக்குழுவுக்கும் பயிற்சி அளித்துள்ளது. பயனுள்ளதே, ஆயினும் நம் பிள்ளைகளைப் பணிவிடைக்கு மட்டும் ஆயத்தப்படுத்துவது சமூகநீதியாகாது.

இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள் என்று அரசு பெருமையுடன் கூறுகிறது. எண்ணப்படுவதால்தான் அப்பெருமை சாத்தியமாகிறது. சாதிவாரிக் கணக்கு மட்டும் ஏன் வெளியிடப்படுவதில்லை?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. நேர்காணல்கள் ஒலி–ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். மதிப்பெண் அளவுகோல் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். விண்ணப்பித்தோர், தேர்வானோர் குறித்த சாதிவாரிப் புள்ளிவிவரம் வெளியிடப்பட வேண்டும். தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 15(5) பிரிவு, பறத்தல் பயிற்சி நிறுவனங்களையும் எட்ட வேண்டும். கோவில்பட்டியில் டிட்கோ திட்டமிடும் பயிற்சிப் பள்ளியில், முழுச் செலவையும் அரசே ஏற்கும் இடங்களைத் தமிழ்நாடு அரசு ஒதுக்க வேண்டும்.

போராட்டம் வெல்லும்வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டும் முன் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெறுக. வணிகவியல் படித்தோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் முடிக்கலாம். அமேதி மாவட்டத்திலுள்ள இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகத்தில் இடஒதுக்கீடு உண்டு. அதன் நுழைவுத் தேர்வைத் தவறவிடாதீர். நேர்காணல் முடிந்த அன்றிரவே கேட்கப்பட்ட கேள்விகளையும் குழுவினரின் பெயர்களையும் எழுதி வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்துவழி கேளுங்கள். பதிவு செய்யப்படாத அநீதி, நடக்காத அநீதியாகவே கருதப்படும்.