பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, நெஞ்சுக்கு இல்லையா?

மும்பை, டில்லிக் கடைகளிலும், கடல் கடந்து லண்டன், நியூயார்க் கடைகளிலும் கல்மணி மாலைகள் தொங்குகின்றன. சிவப்பு மணி, தேன் நிற மணி, வரி வரியாய்க் கோடு ஓடும் மணி. மாலையோடு ஒரு சிறு அட்டையும் தொங்குகிறது. கையால் செய்தது, இயற்கைக் கல்லால் ஆனது, நேர்மையாகத் தயாரித்தது, பூமிக்குக் கேடு செய்யாதது என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு மனம் குளிர்கிறது. ஆலையில் மலிவாக வார்த்த பிளாஸ்டிக் மணியை விட்டு ஏழைக் கைவினைஞனை ஆதரித்தோம் என்று திருப்தியோடு வீடு போகிறார்.

அட்டையைப் படித்தோம். அந்தக் கல்லைச் சாணை பிடித்தவன் உயிரோடிருக்கிறானா என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அகேட் என்றும் சூதுபவளம் என்றும் சொல்லப்படும் இந்தக் கற்களுக்கு நம் தேசத்தில் பேர்போன இடம் குஜராத்திலுள்ள கம்பாத். வெள்ளைக்காரன் வாயில் அது காம்பே ஆயிற்று. பரூச் ஜில்லாவின் ரத்தன்பூர்ப் பக்கம் ஆதிவாசி மக்கள் குழி தோண்டிக் கல்லை எடுக்கிறார்கள். அது கம்பாத்துக்கு வருகிறது. அங்கே மண் சட்டியில் இட்டுச் சூடேற்றுவார்கள். மங்கிய கல் சிவப்பாகும். இரும்புமுளையில் கல்லை வைத்து, கொம்பு முனைச் சுத்தியலால் தட்டிச் செதுக்குவார்கள். பிறகு சாணை, துளை, மெருகு. ஒரு மணி பல கைகள் மாறித்தான் நூலில் ஏறுகிறது.

பழம்பெரும் தொழில் இது. கம்பாத்துக்கு அருகே லோத்தலில் சிந்துவெளிக் காலத்து மணிப் பட்டறையையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். அக்காலத்து நீண்ட சூதுபவள மணிகள் ஈராக்கின் ஊர் நகரத்து ராஜ சமாதிகளில் கிடைத்திருக்கின்றன. நம் கீழடியிலும் கொடுமணலிலும் சூதுபவள மணி உண்டு. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பூமிக்கு அழகு செய்த கைகள் இவை. வியாபாரி இந்தப் பெருமையை விற்கிறான். நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலாயிரம் வருஷத்தில் பெரும்பகுதி கையால் தேய்த்த காலம். மின்சார மோட்டாரில் சுழலும் எமரிச் சாணை வந்தது வெகு பின்னால். சாணை வேகமாகச் சுழல்கிறது, வேலை சீக்கிரம் முடிகிறது, வியாபாரிக்கு மணி அதிகம் கிடைக்கிறது. கூடவே தூசியும் பெருகியது. லாபம் ஒரு பக்கம் போயிற்று, தூசி இன்னொரு பக்கம் போயிற்று. இரண்டும் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அகேட் கல் ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா. உலர்ந்த கல்லை உலர்ந்த சாணையில் வைத்துத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது பாதகமற்ற பாதி, தெரியாதது எமன். மயிரிழையைவிடப் பல மடங்கு நுண்ணிய அந்தத் துகள் மூக்கில் நிற்காது, தொண்டையில் நிற்காது, நேரே நுரையீரலின் அடிவரை போகும். அங்கே புண்ணாகி, புண் ஆறி, வடு இறுகி, பஞ்சு போன்ற நுரையீரல் கட்டி தட்டிப் போகும். இதற்குப் பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலையை விட்டு நின்றாலும் வியாதி நிற்காது, உள்ளே வளர்ந்துகொண்டே போகும். அதன் பின்னோடு க்ஷயரோகம் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதே தூசி புற்றுநோய்க்கும் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. புளோரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைக் குடித்தவர்கள் நீங்கள். ஞாயிறு லீவு கழிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சை அடைக்குமே, அதை அறிந்தவர்கள். ஆனால் உங்களுக்கு ஒரு கேட் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, ஈஎஸ்ஐ சீட்டு உண்டு, கேட்டில் நின்று கோஷம் போட ஒரு சங்கம் உண்டு. எல்லாம் சும்மா வந்தவை அல்ல. கம்பாத்தின் சாணைக்காரனுக்குக் கேட்டே இல்லை. சாணை அவன் வீட்டுத் திண்ணையில் சுழல்கிறது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குகிறாள். குழந்தை அதே தூசியில் தவழ்கிறது. அண்டை வீட்டாருக்கும் இந்த நோய் கண்டிருக்கிறது. சாணையைத் தொட்டே அறியாதவர்கள் அவர்கள்!

இருமல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கிறது? எக்ஸ்ரே படத்தில் இரண்டு நோயும் ஒன்று போலத் தெரியும். க்ஷயம் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கும் டாக்டர் அபூர்வம். செத்தால் க்ஷயத்தில் செத்தான். தொழிலில் செத்தான் என்று எழுதினால் நஷ்டஈடு என்ற பேச்சு வரும் அல்லவா?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் இருந்தது, ஆள் எண்ணிக்கையில் ஒளிந்திருந்தது! 1948ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டம் சிலிகோசிஸை அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. நல்லது. ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது ஃபாக்டரி. பத்துக்குக் குறைந்தாலும் ராஜ்ய சர்க்கார் விரும்பினால் ஃபாக்டரியாக அறிவிக்கலாம் என்று 85ஆவது பிரிவு சொன்னது. அதிலும் ஒரு ஓட்டை வைத்தார்கள்: குடும்பத்தார் உதவியோடு மட்டும் வேலை நடக்கும் இடம் நீங்கலாக! வீட்டுத் திண்ணையை வியாபாரி ஏன் விரும்புகிறான் என்பது இப்போது விளங்குகிறதா? குடும்பமே சேர்ந்து சாகும் இடம் எதுவோ, அந்த இடத்துக்குச் சட்டம் எட்டாது.

2025 நவம்பர் 21 அன்று அந்தப் பழைய சட்டத்தையும் எடுத்துவிட்டுப் புதிய தொகுப்புகளை அமுலாக்கினார்கள். பத்து இருபதாயிற்று, மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது நாற்பதாயிற்று. இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். பண்ணையார் மரக்காலைப் பெரிதாக்கிவிட்டு அளவை ஒழுங்குபடுத்தினேன் என்று சொன்ன கதைதான்.

இதே கம்பாத் மணிக்கு இன்னொரு சட்டத்தில் என்ன மரியாதை என்று பாருங்கள்! காம்பே அகேட் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறெங்கோ செய்த மணியை அந்தப் பெயரில் விற்றால் வழக்குப் போடலாம். பெயரைத் திருடினால் குற்றம். மூச்சைத் திருடினால்?

வியாபாரிகள் தரப்பில் மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. அவன் எங்கள் கூலியாள் அல்ல, சுதந்திரமான கைவினைஞன் என்பது ஒன்று. கல் யாருடையது? வியாபாரியுடையது. அளவும் வடிவும் யார் சொல்வது? வியாபாரி. உருப்படிக்கு இவ்வளவு என்று விலை போடுவது யார்? அவனே. முன்பணம் கொடுத்துக் கட்டிப் போடுவதும் அவனே. தொழிலாளிக்குச் சொந்தமாக மிஞ்சுவது இருமல் ஒன்றுதான். அதில் மட்டும் வியாபாரி பங்கு கேட்பதில்லை. இந்தப் புரட்டு நமக்குப் புதிதா? திருநெல்வேலியிலும் வேலூரிலும் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 1966ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கிப் போய் வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று ஒப்புக்கொண்டது. இலை கொடுத்தவன் முதலாளி என்றால், கல் கொடுத்தவன் மட்டும் யார்? (அந்தப் பீடிச் சட்டத்தையும் 2025ல் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள் என்பதை நம் தோழர்கள் மறக்க வேண்டாம்.)

இரண்டாவது, முகமூடி கொடுத்தால் போட மாட்டேன் என்கிறான் என்ற புகார். மே மாத வெயிலில், ஓட்டுக் கூரையின் கீழ், உருப்படிக் கூலிக்கு வேகமாக ஓட வேண்டியவன் முகத்தைக் கட்டிக்கொண்டு எப்படி மூச்சு விடுவான்? துணித் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்கவும் தடுக்காது. தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் முறை. சாணையில் தண்ணீர் சொட்ட விடலாம். துளையிடும்போது தண்ணீர் விட்டுத்தான் துளைக்கிறார்கள். அல்லது சாணைக்குப் பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாயை வைக்கலாம். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட கருவிகளை வடிவமைத்தே தந்திருக்கிறது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, வழி தெரிந்துவிட்டது. யார் பணம் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

மூன்றாவது பயமுறுத்தல்: கெடுபிடி செய்தால் ஆர்டர் சீனாவுக்குப் போய்விடும். இதற்குப் பதில் சொல்லி மை செலவழிக்க விரும்பவில்லை. கூலி உயர்வு கேட்ட ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மில் முதலாளியும் சொன்னது இதுதான்.

ஆகவே நேர்மையான நகை என்ற பேச்சே பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டோம். வாங்குகிறவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பரிசோதிக்க வருகிறவர் ஏற்றுமதியாளனின் குடோனோடு நின்றுவிட்டால், அங்கே மின்விசிறி சுற்றும், கணக்கு நோட்டு சுத்தமாக இருக்கும், மணி ஏற்கெனவே மெருகேறி வந்திருக்கும். தூசி ஐந்து சந்து தாண்டி இருக்கும். திண்ணைக்குப் போகாத அட்டை எழுதினவனுக்கே நற்சாட்சி. மாலையை வாங்காதே என்பதும் நம் கோஷம் அல்ல. வேலை போனால் தூசியோடு பசியும் சேரும்.

கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. கோத்ரா பக்கத்தில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்த மத்தியப் பிரதேச ஆதிவாசிகள் ஊர் திரும்பிச் செத்தார்கள். 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட் 2016ல் குஜராத் சர்க்காருக்கு உத்தரவிட்டது. மனித உரிமைக் கமிஷன் சொல்லி ஆறு வருஷம் கழித்து! ராஜஸ்தானில் சுரங்கத் தொழிலாளர்கள் விடாது கிளர்ச்சி செய்ததில் 2019ல் ஒரு கொள்கை வந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாதாந்திர பென்ஷன். உயிருக்கு விலை அல்ல இது. ஆனாலும் சர்க்கார் தானாக மனமிரங்கிக் கொடுத்ததும் அல்ல.

வட தேசத்துச் சங்கதி என்று நாம் தள்ளிவிட முடியாது. சேலத்தில் வெள்ளிக் கொலுசு வீட்டுக்கு வீடு பட்டறையில் உருவாகிறது. பற்றவைக்கும் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டே நம் சகோதரர்கள் கண்ணி கோக்கிறார்கள். அவர்களையும் எந்த எண்ணிக்கைக்குள்ளும் அடங்காதவர்களாகவே வைத்திருக்கிறார்கள்.

புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு வரி இருக்கிறது. அபாயமான தொழில் என்று மத்திய சர்க்கார் அறிவித்தால், ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் ஈஎஸ்ஐ பொருந்தும். அந்த வரியை வெறும் அலங்காரமாக விட்டுவைக்கக் கூடாது. கல் சாணை பிடிக்கும் ஒவ்வொரு திண்ணையும் அந்த அறிவிப்பின் கீழ் வர வேண்டும். கல்லைக் கொடுத்து மணியை வாங்குகிறவனே முதலாளி என்று எழுத வேண்டும். தூசிக் குழாயின் செலவை ஏற்றுமதிப் பில்லில் சேர்த்து அவனிடம் வசூலிக்க வேண்டும். ராஜஸ்தானில் கிடைத்தது கம்பாத்திலும் கிடைக்க வேண்டும். வீட்டிலுள்ள பெண்களுக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கம்பாத் இருக்கும் ஆனந்த் ஜில்லாவைத் தோழர்கள் வேறு காரணத்துக்காக அறிந்திருப்பீர்கள். 1946ல் பால் ஊற்றும் விவசாயிகள் தரகனைத் தள்ளிவிட்டுக் கூட்டுறவு சங்கம் கண்ட மண் அது. பாலுக்கு முடிந்தது கல்லுக்கு முடியாது என்று எவன் சொன்னான்? சாணைக்காரர்களே சங்கமாகக் கூடி, கல்லை மொத்தமாக வாங்கி, தூசிக் குழாய் பொருத்திய பொதுப் பட்டறையில் வேலை செய்ய சர்க்கார் கடன் கொடுக்கட்டும். வருகிற மாதச் சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, மத்தியத் தொழிலாளர் மந்திரிக்கும் குஜராத் முதன்மந்திரிக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்புங்கள். சேலம் கொலுசுப் பட்டறைத் தோழர்கள் தங்கள் கோரிக்கையையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.