ஓடும்போது அளந்தாயா?



மீட்டர் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் எலெக்ட்ரீஷியன் ஆகிவிட முடியுமா? முடியாது என்று எனக்குப் பாடம் சொன்னது ஒரு ஃபிரிட்ஜ். அதுவும் தண்ணீரில் மிதக்கிற ஃபிரிட்ஜ்!

போன செமஸ்டர் லீவில், கொச்சியில் படகு வயரிங் வேலை பார்க்கும் என் தாய்மாமாவிடம் போயிருந்தேன். போல்காட்டித் தீவின் படகுத்துறையில் மழைக்காலத்துக்காக ஒரு பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது. வெளிநாட்டுத் தம்பதி, இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். படகேதான் வீடு. அவர்களுடைய ஃபிரிட்ஜ் ஓடும், நிற்கும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

உள்ளே பாலும் மீனும் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அந்த அம்மாவின் இன்சுலினும் இருந்தது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மாமா முதல் வேலையாக அதைத் துணியில் சுற்றி, ஐஸ் மேலே படாதபடி ஒரு பெட்டியில் வைத்தார். உறைந்து போனாலும் அது கெட்டுவிடுமாம்.

கரையிலிருந்துதான் 230 வோல்ட் வருகிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஃபிரிட்ஜ் கரைக் கரண்டில் நேராக ஓடுவதில்லை. கரைக் கரண்ட் சார்ஜருக்குப் போகிறது. சார்ஜர் பாட்டரியை நிரப்புகிறது. பாட்டரியின் 12 வோல்ட் டி.சி.யில்தான் கம்பிரசர் ஓடுகிறது. நடுக்கடலில் கரைக் கரண்ட் ஏது?

பாட்டரியில் அளந்தேன்: 13.4. ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு அதன் டெர்மினலில் அளந்தேன்: அதே 13.4. "சப்ளை சரியா இருக்கு மாமா, கம்பிரசர்தான் போச்சு. மாத்திரலாம்" என்றேன், பெரிய இன்ஜினீயர் மாதிரி.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஓடும்போது அளந்தியா மாப்ளே?"

அளந்தேன். 10.2! வோல்ட்டேஜ் பத்தை நெருங்கினால் பாட்டரியைக் காப்பாற்ற கண்ட்ரோல் போர்டு கம்பிரசரைத் தானே நிறுத்திவிடும். ஆக, கம்பிரசர் நல்லவன். நான்தான் அவன் மேல் பழி போட்டேன்.

சரி, அந்த 3.2 வோல்ட் எங்கே போனது? 1.5 சதுர மி.மீ. ஒயர், போக 6 மீட்டர், வர 6 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் 0.14 ஓம். 5 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் அதில் போயிற்று. மிச்சம் 2.5? தேடினோம். கட்டிலுக்கு அடியில், மரப்பலகைக்குப் பின்னால், பச்சைக் களிம்பு பிடித்த ஒரு ஜாயிண்ட்! தொட்டேன், சுட்டது. 2.5 வோல்ட், 5 ஆம்பியர்: 12.5 வாட் சூடு, அவர்கள் படுக்கிற இடத்துக்குக் கீழே. நான் சொன்னபடி கம்பிரசரை மாற்றியிருந்தால், காசும் போயிருக்கும், நெருப்புக்கு வழியும் அப்படியே இருந்திருக்கும்.

ஜாயிண்டை எடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசிய 6 சதுர மி.மீ. ஒயரை ஒரே துண்டாக இழுத்தோம். ஓடும்போது 13.2. இன்சுலின் தன் இடத்துக்குத் திரும்பியது.

இதே 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் ஓடும். இதே ஜாயிண்டில் 0.13 வோல்ட்தான் விழும், யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் எதையும் மன்னிக்காது. இன்வெர்ட்டர் பாட்டரி, சோலார் தெருவிளக்கு, பாட்டரி ஆட்டோ என்று நாளை நாம் தொடப்போகிற பலவற்றிலும் இந்தக் களிம்பு நமக்காகக் காத்திருக்கிறது.

தோழர்களே, மனசாட்சியோடு சொல்லுங்கள். லேபில் எல்லாமே ஓடுகிற போர்டுகள். ரீடிங் வராவிட்டால் ரெக்கார்டில் 'செட்' பண்ணிவிடுகிறோம். ஓம்ஸ் லா எனக்குத் தெரியாதா? தெரியும், பத்து மார்க்குக்கு எழுதுவேன். படகில் அது ஞாபகத்துக்கு வரவில்லையே!

ஆகவே நம் சங்கம் துறைத் தலைவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு லேபிலும் வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு போர்டு, மாதம் ஒரு பிராக்டிகல், அதில் பழுதைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை. செலவு? துருப்பிடித்த நாலு ஜாயிண்ட். அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது!

அதுவரைக்கும், எதையும் "போச்சு, மாத்திரலாம்" என்று சொல்வதற்கு முன்னால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: ஓடும்போது அளந்தேனா?

— மூன்றாமாண்டு, மின்னியல் பிரிவு